ஊவாத் தோட்டங்களும் கந்தகமும்

1869-ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கே உள்ள மடுல்சீமை மலைகளில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் அப்பொடி, பார்வைக்கு இரும்புத் துருவை ஒத்திருந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்னும் பூஞ்சணவியல் அறிஞர் அதற்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். பெயரின் பின்பாதிக்குப் ‘பாழ்படுத்துவது’ என்பது பொருள். பெயர் பலித்தது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பியின் கதை முடிந்துவிட்டது.

அந்த இருபது ஆண்டுகளில்தான் இந்நாட்டுத் தோட்டத்துரைமார் கந்தகத்தை ஒரு நம்பிக்கையோடு கையிலெடுத்தார்கள். ஐரோப்பாவில் திராட்சைக் கொடிகளைப் பற்றிய சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூளைத் தூவி வெற்றி கண்டிருந்தனர். அவ்வழியைப் பின்பற்றி, பேராதனையில் உதவித் தலைவராயிருந்த டானியல் மொரிஸ் என்பவர், 1879-ஆம் ஆண்டளவில், சுண்ணாம்பையும் கந்தகத்தையும் கலந்து கோப்பிச் செடிகளின்மீது தூவிப் பரிசோதனை செய்தார். பயன் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர், நோயின் வித்துகள் இலையின் அடிப்புறத்தே நீர்த்துளியில் முளைத்து இலைத்துளைகள் வழியாக உள்ளே நுழைகின்றன என்று காட்டினார். நுழைந்தபின் மேலே தூவிய பொடி என்ன செய்யும்? வேறு சிலரோ, நோய்க்கு இடங்கொடுத்தது மண்ணின் மெலிவே என்று வாதித்து, எலும்புத்தூளையும் ஆமணக்குப் புண்ணாக்கையும் மாட்டெருவையும் மலையேற்றிக் கொட்டினார்கள். உரம் பெற்ற செடி சற்றே தாக்குப்பிடித்ததுண்டு, நோய் நீங்கவில்லை.

இவ்வாறு, கந்தகம் இலங்கைத் தோட்டங்களின் சரித்திரத்தில் முதன்முதல் நுழைந்தது தோற்றுப்போன மருந்தாக. அது செடிக்கு உணவு என்பதைத் தோட்டங்கள் உணர மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, ஹாலி எல, பசறை, லுணுகலை என்று மலைகள்தோறும் செடி ஏறிற்று. ஆனால் மண் புதிய மண்ணன்று. கோப்பிக் காலத்திலேயே காடு வெட்டி எரிக்கப்பட்டு, புல்பூண்டு ஒன்றும் இராதபடி சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டு, வடகீழ்ப் பருவமழையின் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மேல்மண்ணைப் பறிகொடுத்த மண் அது. களையற்ற மலையே நல்ல மலை என்று அக்காலத்துத் துரைமார் பெருமை பேசினார்கள். அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலை பெரிது. மண்ணிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி கல்லிலும் மணலிலும் இல்லை. உக்கிய இலைதழைகளிலேயே இருக்கிறது. துத்தநாகம் முதலிய நுண்சத்துகளும் மேல்மண்ணிலேதான் மிகுதி. கானில் ஓடிய கலங்கல் நீரோடு இவை யாவும் ஓடின. 1931-ஆம் ஆண்டில் மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1951-ஆம் ஆண்டில் மண் காப்புச் சட்டம் பிறந்தது. ஆனால் அதற்குள் போனது போனதுதான்.

இழப்பை ஈடுசெய்ய வந்தது வெள்ளைச் சருக்கரைபோல் தோன்றும் ஓர் உப்பு. அமோனியம் சல்பேற்று என்பது அதன் பெயர். அது பிறந்த விதம் விந்தையானது. மேனாட்டு நகரங்களில் தெருவிளக்குக்கு வேண்டிய வாயுவைப் பெறுவதற்காக நிலக்கரியைக் காய்ச்சினார்கள். அப்போது அமோனியாவும் உடன் வந்தது. நெடியுடைய அந்த வாயுவை மூட்டை கட்டி அனுப்ப இயலாது; ஆகவே அதைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினார்கள். பின்னர் ஜெர்மனியில் ஹாபர், பொஷ் என்பார் காற்றிலுள்ள நைதரசனிலிருந்தே அமோனியா செய்யும் முறையைக் கண்டு, 1913-இல் அதற்கென ஆலையும் எழுந்தபின், இவ்வுப்பு மலிந்தது. இரண்டு முறையிலும் கந்தகத்தின் வேலை ஒன்றே: அமோனியாவைச் சுமந்து செல்லும் கூலியாள் வேலை. வாங்குபவன் விலை கொடுத்தது நைதரசனுக்கு. கந்தகத்தை எவரும் கணக்கிலெடுக்கவில்லை.

கணக்கைச் சற்றே பார்ப்பது தகும். நூறு கிலோ அமோனியம் சல்பேற்றில் நைதரசன் ஏறக்குறைய 21 கிலோ. கந்தகமோ 24 கிலோ! தேடி வாங்கிய பொருளைவிடத் தேடாமல் வந்த பொருளே அதிகம். செடியின் தேவையோ தலைகீழ். புரதம் அமைவதற்குப் பதினைந்து பங்கு நைதரசன் வேண்டுமாயின் கந்தகம் ஏறக்குறைய ஒரு பங்கு போதும். எஞ்சியது மழையில் கரைந்து, போகும்போது சுண்ணாம்புச் சத்தையும் மகனீசியத்தையும் கூடவே இழுத்துச் சென்றது. மண்ணின் புளிப்பும் ஏறிற்று. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடியாகையால் அந்தத் தீங்கு நெடுநாள் வெளியே தெரியவில்லை. பிற்காலத்தில், கவ்வாத்துக்குக் கவ்வாத்து டொலமைற்றுக் கற்றூளை இட்டுப் புளிப்பைத் தணிக்கவும் மகனீசியத்தை ஈடுசெய்யவும் நேர்ந்தது.

1924-இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபின், உரமூட்டை ஊவாவின் எல்லைக்கு எளிதில் வந்தது. புகையிரத நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும், தோட்டத்து உரக்காம்பராவிலிருந்து மலைக்கும் அதைக் கொண்டு சென்றவை மனிதத் தோள்களே. திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த மக்களின் பிள்ளைகள், செங்குத்தான படிக்கட்டுகளில் மூட்டை சுமந்து ஏறி, செடிக்குச் செடி கையால் அள்ளித் தூவினார்கள். முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறி அதை உள்ளே சேர்த்தவர்களும் அவர்களே. தோட்டத்து ஏடுகள் ஏக்கருக்கு எத்தனை இறாத்தல் நைதரசன் என்றே எழுதி வைத்தன.

1925-ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி நிறுவப்பெற்று, பின்னர் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அங்கு இரசாயனப் பகுதியை நடத்திய ஈடன் என்பவர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் பிஷருடன் பணிசெய்து பழகியவர். வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, விளைவைக் கணித முறையால் சோதிக்கும் வழியை அவர் தேயிலைக்குக் கொண்டுவந்தார். நைதரசன் ஏற ஏறக் கொழுந்து ஏறுகிறது என்னும் உண்மை அதனால் ஐயமற நிறுவப்பட்டது. துரைமாருக்கு இது இனித்தது. தோட்டங்கள் வாங்கிய நைதரசன் உரத்தின் பெரும்பகுதி சல்பேற்றாகவே இருந்தபடியால், கந்தகம் இல்லாவிட்டால் செடி என்னவாகும் என்ற கேள்வி இந்நாட்டில் எழவே இடமில்லாது போயிற்று.

அக்கேள்வி எழுந்த இடம் வேறு. ஆபிரிக்காவின் தென்கிழக்கே, இன்று மலாவி என்றும் அன்று நியாசலாந்து என்றும் பெயர்பெற்ற நாட்டில், மிலாஞ்சே, சோலோ என்னும் மலைப்பகுதிகளில் தேயிலை நடப்பட்டிருந்தது. அங்கு ஒரு நோய் தோட்டங்களை அலைக்கழித்தது. இளந்தளிர் மஞ்சள் பூக்கும், நரம்புகள் மாத்திரம் பச்சை வலைபோல் நிற்கும், இலை சிறுத்து ஓரம் கருகும், கணுக்கள் நெருங்கும், ஈற்றில் இலையுதிர்ந்து கிளை நுனியிலிருந்து காயும். ‘மஞ்சள் நோய்’ என்று அதனை அழைத்தார்கள். கிருமியைத் தேடினார்கள். தங்கனீக்காவின் அமானி நிலையத்தைச் சேர்ந்தவரும், வைரசு நோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவருமான ஸ்டோரி, நியாசலாந்து அரசாங்கப் பூஞ்சணவியலாளரான லீச் என்பவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1933-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. கிருமி ஒன்றுமில்லை, செடி பட்டினி கிடக்கிறது, கந்தகம் கொடுத்தால் பிழைக்கும் என்பதே அம்முடிவு. உரமென்று பெயரே பெறாத ஒரு பொருள் இன்மையால் ஒரு பயிர் சாகக்கூடும் என்பதைத் தேயிலை உலகம் அன்றுதான் கண்ணாரக் கண்டது.

நியாசலாந்தில் மாத்திரம் அப்படி நேர்ந்ததேன்? ஆண்டுதோறும் புல்வெளிக்குத் தீயிடும் நாடு அது. தாவரத்தில் உள்ள கந்தகம், எரியும்போது வாயுவாகிப் புகையோடு பறந்துவிடும். பொட்டாசியம், சுண்ணாம்பு முதலியன சாம்பலில் தங்குவதுபோல் அது தங்குவதில்லை. கடலின் உப்புக் காற்றும் ஆலைப் புகையும் எட்டாத உள்நாட்டில் மழைநீரும் கந்தகத்தைக் கொண்டுவருவதில்லை.

இதைக் கேட்கும்போது ஊவாவை அறிந்தவர்களுக்குச் சொந்த மலைகள் நினைவுக்கு வரும். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் தியத்தலாவையிலும் விரிந்து கிடக்கும் ‘பத்தனா’ப் புல்வெளிகள் தலைமுறை தலைமுறையாகத் தீயிடப்பட்டு வந்தவை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைகளில் மழையைச் சிந்திவிட்டு, கச்சான் காற்று வறண்டு ஊவாவுக்குள் இறங்கும். மானாப்புல் சருகாகும். மாடுகளுக்கு இளம்புல் வேண்டி ஒருவன் இட்ட நெருப்பு ஒரு மலையைத் தாண்டி மறுமலையைப் பிடிக்கும். அந்தக் கச்சானே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் வாசனையை எழுப்புகிறது. அதே காற்றே புகையாய்ப் போகும் கந்தகத்தையும் ஏந்திச் செல்கிறது. நியாசலாந்தின் மண்ணுக்கும் பத்தனா மண்ணுக்கும் இவ்வகையில் உறவு உண்டு. ஆயினும் மஞ்சள் நோய் ஊவாத் தோட்டங்களில் கொள்ளைநோயாகப் பரவவில்லை. மண்ணின் செழுமையை அதற்குக் காரணமாகச் சொல்ல இயலாது. சல்பேற்று மூட்டையின் சுமைகூலியாளே அதைத் தடுத்து நிறுத்தினான் என்று கொள்வதே பொருந்தும்.

இத்தகைய அறியாத் தருமம் மற்றொரு முறையும் நிகழ்ந்தது. 1946-இல் கொப்புள நோய் என்னும் பூஞ்சணம் இலங்கைத் தேயிலையைப் பற்றிற்று. ஈரமான மேற்கு மலைகளில் அது கடுமை. ஊவாவில் வடகீழ் மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும். அதை அடக்கச் செம்பு சேர்ந்த மருந்துகளைத் தெளித்தார்கள். இப்போதும் நியாசலாந்தே பாடம் சொல்லிற்று. அங்கே சில மலைகளின் கொழுந்து, ஆலையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் செப்பு நிறமாகப் புளித்து வரவில்லை. இலையில் செம்புச் சத்துக் குறைந்திருப்பதே காரணம் என்று சைல்ட் என்பவர் 1955-இல் எழுதினார். தேயிலையைக் கருப்பாக்கும் நொதியத்தின் உள்ளே செம்பு உறைகிறது. செம்பு இல்லையேல் அந்நொதியம் வேலை செய்யாது. இலங்கைத் தேயிலைக்கு அக்குறை பெரிதாக நேராமைக்கு, நோய்க்குத் தெளித்த மருந்தும் ஒரு துணை.

துத்தநாகத்தின் கதையோ இதற்கு மாறானது. அதை எந்த மூட்டையும் இலவசமாகச் சுமந்து வரவில்லை. நைதரசனை மிகுதியாக இட்டு, அதிகம் தளிர்க்கும் பதியன் இனங்களையும் நட்ட பின்னர், செடிகள் கேட்கும் துத்தநாகத்தை மண்ணால் கொடுக்க இயலவில்லை. இலை சிறுத்து அரிவாள்போல் வளைந்தது. கணுவிடை குறுகித் தளிர்கள் ஒரு கொத்தாய் நின்றன. வளர்ச்சிக்குரிய ஊக்கியைச் செடி தானே செய்துகொள்வதற்குத் துத்தநாகம் வேண்டும் என்பதால் வந்த வினை இது. 1960-களில் ஆராய்ச்சி நிலையத்தார் இக்குறையை இனங்கண்டு, துத்தநாக சல்பேற்றை நீரில் கரைத்து இலைமேல் தெளிக்கும் முறையைத் தோட்டங்களுக்குக் கொடுத்தனர். மண்ணிலிட்டால் மண்ணே அதைப் பிடித்துக்கொள்ளும். இலைவழியே கொடுத்தால் சிற்றளவே போதும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்து, பேர்போட்டு எழுதப்படும் உரமாகத் தோட்டத்துக் கணக்கேட்டில் இடம்பெற்றது அப்போதுதான்.

இனிக் கந்தகத்துக்கு வருவோம். உலகச் சந்தையில் யூரியா மலிந்தபின் சல்பேற்றின் தனியாட்சி தளர்ந்தது. நூறு கிலோ யூரியாவில் நைதரசன் 46 கிலோ. ஒரே அளவு நைதரசனுக்குக் கப்பற்கூலி பாதிக்கும் குறைவு. மலையேற்றும் தோளுக்கும் சுமை பாதிக்கும் குறைவு. இந்த நன்மையைச் சிறிதென்று சொல்ல, மூட்டை சுமந்தறியாதவர்க்கே மனம் வரும். 1980-களின் முற்பகுதியில் சப்புகஸ்கந்தையில் அரசாங்க யூரியாத் தொழிற்சாலை ஒன்று சில ஆண்டுகள் இயங்கவும் செய்தது. ஆனால் யூரியாவில் கந்தகம் அணுவளவும் இல்லை. காய்ந்த மண்ணின்மேல் கிடந்தால் அதன் நைதரசனிலும் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் பறந்துபோம். கச்சான் வீசும் ஊவாவுக்கு இது கவனிக்க வேண்டிய குற்றம்.

கந்தகமற்ற உரத்தின் விளைவு உடனே வெளிப்படாது. ஊவாவின் செம்மண்ணில், அடியிலுள்ள இரும்பு, அலுமினியக் கலவைகள், ஆண்டாண்டுகளாக வடிந்த சல்பேற்றின் ஒரு பகுதியைப் பற்றி வைத்திருக்கும். பாட்டன் விட்டுச்சென்ற சேமிப்பைப் பேரன் உண்பதுபோலச் செடி அதை உண்ணும். சேமிப்புக் கரையும்போது குறை தெளிவான நோயாகத் தோன்றாமல், சற்றே வெளிறிய தளிராகவும், இட்ட நைதரசனுக்கு ஈடாக ஏறாத விளைச்சலாகவும் தோன்றும். ஆகையால் யூரியாவோடு சல்பேற்றையும் இடமறிந்து, பருவமறிந்து கலந்தாளும் வழக்கத்தைத் தோட்டங்கள் முற்றாகக் கைவிடவில்லை. பசறையில் ஊவாவுக்கென ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருப்பதும் இப்பிரதேசத்தின் மண்ணும் மழையும் தனித்தன்மை உடையன என்பதாலேயே.

ஊவா என்றால் தேயிலை மட்டுமன்று. மலையிறங்கிப் புத்தளை வழியே சென்றால் மொனராகலை மாவட்டத்தின் தாழ்நிலத்தில் கரும்பு நிற்கிறது. பெல்வத்தையிலும் செவனகலையிலும் 1980-களில் சீனியாலைகள் எழுந்தன. உடவளவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மலைமண்ணின் புளிப்பு அங்கில்லை. புளிப்புக் குறைந்த மண்ணில் துத்தநாகமும் இரும்பும் வேருக்கு எளிதில் கிட்டா. கரும்போ ஓரிடத்தில் பன்னிரு மாதம் நின்று, டன் கணக்கில் மண்ணின் சாரத்தை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் பயிர். அறுவடையின்போது தோகையைக் கொளுத்தும் இடங்களில் பத்தனாவின் கதையே மறுபடியும் நடக்கிறது: கந்தகம் புகையாகிறது. தோகையை நிலத்திலேயே மூடாக்காக விட்டால் அது உக்கி மண்ணுக்குத் திரும்பும்.

இந்தக் கணக்குகள் ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடுவன அல்ல. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று அளவுண்டு. அளவு நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர். செடி தளிர்க்காத குற்றத்துக்கும் தராசின்முன் நிற்பவள் அவளே. மண்ணில் கந்தகம் குறைந்ததா, துத்தநாகம் குறைந்ததா, மழை பொய்த்ததா என்று தராசு விசாரிப்பதில்லை.

2021-ஆம் ஆண்டு இதைக் கடுமையாகக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது. மே மாதம் இரசாயன உரங்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கூடையில் நிறையவேண்டிய அளவு ஏறிய அதே ஆண்டில் செடிக்குரிய உணவு நின்றது. கூட்டெருவில் கந்தகமும் நுண்சத்துகளும் உண்டு என்பது மெய். மேல்மண்ணை இழந்த மலைகளுக்கு அதுபோல் நன்மை செய்வது வேறில்லை. ஆனால் நாடெங்கும் உள்ள தோட்டங்களுக்கு வேண்டிய கூட்டெருவை ஒரு பருவத்துக்குள் உண்டாக்கி, செங்குத்து மலைகளில் ஏற்றுவது எவராலும் ஆகக்கூடிய காரியமாயிருக்கவில்லை. அக்டோபர் மாதம் தடை தளர்ந்தபோது, தேயிலைக்கென்று முதலில் இடமளிக்கப்பட்ட உரம் அமோனியம் சல்பேற்று. நவம்பரில் தடை பொதுவாகவே நீங்கியது.

நீங்கியபின் விலை நின்ற இடம் வேறு. 2022-இல் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, மூட்டை கிடைத்தாலும் வாங்கும் விலையில் இல்லை, எரிபொருளும் இல்லை. 2021-இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022-இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கிற்று. பட்டினி கிடந்த செடி உரம் கண்ட மறுநாளே எழுந்துவிடுவதில்லை. கவ்வாத்து முடிந்து புதுக்கிளை கட்டி மீள்வதற்கு ஆண்டுகள் செல்லும். 2023-இல் உற்பத்தி சுமார் 256 மில்லியன் கிலோ. 2024-இல் சுமார் 262 மில்லியன்.